இரட்டைக் குழலும் இழந்த மருந்தும்

பர்மிங்ஹாமிலோ லண்டனிலோ 1905ஆம் ஆண்டையொட்டிச் செய்யப்பட்ட இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கி ஒன்றை மடித்துத் திறந்து, குழல்களைக் கட்டையினின்றும் கழற்றி, தோட்டா நுழையும் வாய்க்கு அடியிலுள்ள தட்டையான முகத்தை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்துப் பார்ப்பவருக்கு, மேற்புறத்து இலைக்கொடிச் சித்திர வேலையிலே கிடைக்காத செய்தி ஒன்று அங்கே அழுத்திய முத்திரைகளாகப் பதிந்திருப்பது தெரியவரும். கிரீடம் ஒன்று, அதன்கீழ் இரண்டு எழுத்துக்கள், சற்றுத் தள்ளிக் ‘கார்டைட் 70–480’ என்ற சொல்லும் இலக்கங்களும். எழுபது கிரெய்ன், அதாவது நாலரை கிராம் எடையுள்ள கார்டைட் என்னும் புகையற்ற மருந்தைக் கொண்டு, 480 கிரெய்ன், அதாவது 31 கிராம் எடையுள்ள குண்டைச் செலுத்துவதே இத்துப்பாக்கிக்கு உரிய உச்சவரம்பு என்று, சோதனைச்சாலையார் அதைவிட அதிகமான அழுத்தத்தில் சுட்டுப் பரீட்சித்த பின்னர் அளித்த சான்று அது. தயாரித்தவர் தம் பெயரைப் பலரும் பார்க்கும் இடத்தில் பொன்னெழுத்தால் பொறித்துக்கொண்டார். துப்பாக்கியின் உண்மையான இயல்பு, கழற்றிப் பார்ப்பவர் மட்டுமே காணக்கூடிய இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

அந்தக் கார்டைட் இன்று எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. அதற்கென்றே வாய் குடைந்து, அதற்கென்றே குழல் இணைத்துச் செய்யப்பட்ட துப்பாக்கிகள் மட்டும் நூற்றாண்டைத் தாண்டியும் நல்ல நிலையில் நிலைத்திருக்கின்றன. இங்கிலாந்திலும், அமெரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும், தென்னாப்பிரிக்காவிலும் இத்தகைய துப்பாக்கிகளைச் சேகரித்து, அவற்றுக்குரிய தோட்டாக்களைத் தம் கையாலேயே கெட்டித்துக்கொள்ளும் ஒரு சிறு கூட்டத்தார் இருக்கின்றனர். அவர்களுடைய முயற்சியைப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் அம்முயற்சியின் உள்முறையைக் கவனிப்பவருக்கு, அது வேட்டையைவிட ஆராய்ச்சிக்கே அணுக்கமான தொழில் என்பது விளங்கும். ஏனெனில் நல்ல கைத்தோட்டாக்காரர் நாடுவது முன்னிலும் மிகுந்த வலிமையையன்று, மறைந்துபோன ஒரு மருந்து முன்னொரு காலத்தில் அளித்த அதே வேகத்தைத்தான்.

கருமருந்துக் காலத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை. மருந்தைக் குழலின் முன்வாயில் கொட்டிக் கெட்டித்த நாட்களில் வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் தம் தோட்டாவுக்குத் தாமே கர்த்தா. இலங்கையில் யானை வேட்டையாடி 1854இல் அதைப் பற்றி நூல் எழுதிய சாமுவேல் பேக்கர், 1840இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் செய்துகொடுத்த 21 பவுண்டு எடையுள்ள ஒற்றைக் குழல் துப்பாக்கியில் 16 டிராம், அதாவது ஓர் அவுன்ஸ் முழுவதுமான கருமருந்தைக் கெட்டித்துச் சுட்டார் என்பதைப் படிக்கும்போது, அந்த உதைப்பைத் தாங்கிய தோளை எண்ணித்தான் வியக்கத் தோன்றுகிறது. பின்னர், குண்டின் எடையைக் குறைத்து மருந்தைப் பெருக்கி வேகத்தை உயர்த்தும் ‘எக்ஸ்பிரஸ்’ முறை 1850களின் நடுவில் பர்டி என்னும் லண்டன் துப்பாக்கிக்காரரின் பட்டறையிலிருந்து புகழ்பெற்று, .450, .500, .577 அங்குலக் குழல்களாக இந்தியக் காடுகளெங்கும் பரவிற்று. ஆயினும் சுட்டவுடன் எழும் வெண்புகைத் திரை புலியையும் சுட்டவரையும் ஒருவருக்கொருவர் மறைத்துவிடும் அபாயம் மட்டும் அப்படியே இருந்தது.

அத்திரையை நீக்கியது ரசாயன சாஸ்திரம். 1884இல் பிரான்ஸில் போல் வியேய் புகையற்ற மருந்தைக் கண்டார். 1887இல் ஆல்பிரட் நோபல் நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் கூட்டிப் ‘பாலிஸ்டைட்’ செய்தார். 1889இல் பிரிட்டிஷ் சர்க்காரின் ஆலோசகர்களான பிரடெரிக் ஏபல், ஜேம்ஸ் டீவர் ஆகிய இருவரும் அவ்விரு பொருள்களையே வேறு விதமாகச் சேர்த்து, அசிட்டோனில் பிசைந்து, நூல் நூலாகப் பிழிந்து கார்டைட் ஆக்கினர். தம்மிடம் தகவல் கேட்டுக்கொண்டே தம் கண்டுபிடிப்பைக் கவர்ந்துவிட்டனர் என்று நோபல் தரப்பினர் தொடுத்த வழக்கு, 1895இல் பிரபுக்கள் சபை வரைக்கும் சென்று தோற்றது. காப்புரிமைப் பத்திரத்தில் ‘கரையக்கூடிய’ வெடிபஞ்சு என்று எழுதியிருந்ததும், கார்டைட்டில் கரையாத வகை சேர்ந்திருந்ததும் அத்தோல்விக்குக் காரணமாயின. நியாயம் நோபல் பக்கமே இருந்தது என்று கருதியவர்கள் அக்காலத்திலேயே உண்டு. எனக்கும் அதுவே அபிப்பிராயம்.

முதல் கார்டைட்டில் நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, 5 பங்கு வாசலின். எரியும்போது எழும் அதன் கடும் உஷ்ணம் குழலின் உட்சுவரை அரித்தது. ஆகவே 1901இல் நைட்ரோகிளிசரினை 30 பங்காகக் குறைத்து வெடிபஞ்சை 65 பங்காக உயர்த்தினர். இம்மருந்தின் சரித்திரத்தில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. இந்தியப் படையின் தேவைக்காக நீலகிரியில், குன்னூருக்கு அடுத்த அருவங்காட்டில், 1903இல் தொடங்கப்பெற்ற கார்டைட் தொழிற்சாலை இன்றளவும் நடந்துவருகிறது. அதற்கு மின்சாரம் அளிப்பதற்காகவே காட்டேரி அருவியில் நீர்மின் நிலையம் அமைத்தார்கள். உதகை மலை ரயிலில் செல்பவர் அருவங்காடு நிலையத்தைக் கடந்துதான் மேலே ஏறுகிறார். வேட்டைத் தோட்டாக்கள் அங்கே செய்யப்பட்டவையல்ல. அவை பெரும்பாலும் பர்மிங்ஹாமை அடுத்த விட்டனில் கைனாக் கம்பெனியாரின் ஆலையிலிருந்து கப்பலில் வந்தன.

கருமருந்துக்கென இருந்த மூன்றேகால் அங்குல நீளமுள்ள .450 பித்தளைக் கூட்டிலே 70 கிரெய்ன் கார்டைட்டை நிரப்பி, 480 கிரெய்ன் குண்டை நொடிக்கு 2,150 அடி வேகத்தில் செலுத்தும் தோட்டாவை 1898இல் ஜான் ரிக்பி வெளியிட்டபோது, அதுவரை 14, 15 பவுண்டு எடையுள்ள பெருங்குழல் துப்பாக்கிகளைச் சுமந்து திரிந்தவர்கள், 11 பவுண்டுத் துப்பாக்கியால் யானையை எதிர்க்கலாம் என்ற நிலை பிறந்தது. ‘நைட்ரோ எக்ஸ்பிரஸ்’ என்ற குடும்பம் அதிலிருந்தே கிளைத்தது. ஆனால் இங்கே ஒரு பொறி மறைந்திருந்தது. பழைய கருமருந்துத் தோட்டாவும் புதிய கார்டைட் தோட்டாவும் வடிவத்தில் ஒன்றே. முன்னதற்கென்று செய்த மெல்லிய குழலில் பின்னது தடையின்றி நுழையும். அழுத்தத்திலோ இரண்டுக்கும் பெரிய இடைவெளி. குழலடியிலுள்ள முத்திரையைப் படிக்காமல் தோட்டாவைப் போட்டவர்கள் விரல்களை இழந்திருக்கிறார்கள்.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. கருமருந்துத் துப்பாக்கியை வைத்திருப்பவர் புகையில்லாமல் சுட விரும்பினால், அக்குழல் தாங்கும் அழுத்தத்துக்கும் பழைய வேகத்துக்கும் இணங்குமாறு கார்டைட்டைக் குறைத்து நிரப்பிய தோட்டாக்கள் விற்கப்பட்டன. 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைத் தேடிச் சென்ற ஜிம் கார்பெட் கையிலிருந்தது இவ்வினத்தைச் சேர்ந்த .500 துப்பாக்கியே, அன்று அவர் எடுத்துச் சென்ற தோட்டாக்கள் மூன்றே மூன்று. மூன்றும் தீர்ந்தபின் தாசில்தாரிடம் ஓடி அவருடைய துப்பாக்கியை வாங்கிக்கொண்டு திரும்பியதையும், அதன் குழலுக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே இடைவெளி கண்டிருந்ததையும் அவரே பின்னர் எழுதியிருக்கிறார். அவ்வேட்டைக்காக ஐக்கிய மாகாணத்து லெப்டினண்ட் கவர்னர் ஹூவெட் பரிசளித்த .275 ரிக்பி துப்பாக்கி பிற்காலத்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தாரிடம் இருந்து, சில ஆண்டுகளுக்கு முன் ரிக்பி கம்பெனிக்கே திரும்பிச் சேர்ந்தது. கார்பெட்டின் .450/400 ஜெஃப்ரி இரட்டைக் குழல் துப்பாக்கியோ, எல்மர் கீத் என்ற பிரசித்தி பெற்ற அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளரின் சேகரத்தில் நெடுங்காலம் இருந்தது.

இரட்டைக் குழல் துப்பாக்கியின் சூட்சுமத்தைச் சற்று விரித்துரைக்க வேண்டும். கைத்தோட்டாக் கலையின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. குழல்கள் இரண்டும் இணையாக ஒட்டப்பட்டவை என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் அவை முன்வாய்ப் பக்கம் ஒன்றையொன்று சற்றே நெருங்குமாறு அமைக்கப்படுகின்றன. வலக் குழல் வெடிக்கும்போது, துப்பாக்கி பின்னுக்கு உதைப்பதோடு, மேல்நோக்கியும் வலப்புறமாகவும் திரும்புகிறது; இடக் குழல் வெடிக்கும்போது இடப்புறமாகத் திரும்புகிறது. குண்டு குழலைவிட்டு வெளிவருவதற்கு முன்னரே இத்திரும்புதல் தொடங்கிவிடுகிறது. ஆகவே குண்டு குழலுக்குள் இருக்கும் அந்த அற்பப் பொழுதில் துப்பாக்கி எவ்வளவு திரும்பும் என்பதை முன்னதாகவே கணக்கில் கொண்டு, அத்திரும்பலுக்கு எதிரிடையாகக் குழல்களைச் சாய்த்து வைக்கிறார்கள். எந்தக் கணிதச் சூத்திரமும் இதைக் காகிதத்தில் முடித்துத் தந்ததில்லை. பட்டறையின் மூத்த கைவினைஞர் ஒருவர், குழல்களின் முன்வாய்க்கு நடுவே சிறு ஆப்பைச் செருகி, ஈயப்பற்று வைத்து, 50 கெஜம் முதல் 100 கெஜம் வரை தீர்மானித்த ஒரு தொலைவில் நின்று வலமும் இடமும் மாற்றிச் சுட்டுப் பார்த்து, குண்டுகள் விலகியிருந்தால் பற்றைச் சூடாக்கி இளக்கி, ஆப்பை மயிரிழை அளவு நகர்த்தி, மறுபடியும் சுட்டு, இரட்டை நாயனக்காரர்கள் சுருதி ஒன்றும்வரை சீவாளியைத் திருத்திக்கொண்டே இருப்பதுபோல, இரு குழலும் ஓரிடத்தில் ஒன்றுபடும்வரை ஓயாமல் உழைப்பார்.

ஒன்றுபட்டுவிட்டால், அந்த ஒற்றுமை அந்தத் தோட்டாவுக்கு மட்டுமே உரியது. வேகம் குறைந்த தோட்டாவைப் போட்டால், குண்டு குழலுக்குள் அதிக நேரம் தங்குகிறது. துப்பாக்கி அதிகம் திரும்பிவிடுகிறது. வலக் குழலின் குண்டு வலத்தேயும் இடக் குழலின் குண்டு இடத்தேயும் விலகிச் செல்கின்றன. வேகம் மிகுந்துவிட்டாலோ, திரும்பல் முற்றுமுன் குண்டு வெளியேறிவிடுவதால், வலக் குழலின் குண்டு இடத்தேயும் இடக் குழலின் குண்டு வலத்தேயும் குறுக்கிட்டு விழுகின்றன. ஆகவே கைத்தோட்டாக்காரருக்கு இலக்குப் பலகையே ஆசான். அதிலுள்ள துளைகள் விலகியிருக்கின்றனவா, குறுக்கிட்டிருக்கின்றனவா என்பதைக் கொண்டே, நூறாண்டுக்கு முன் இறந்துபோன அக்கைவினைஞர் எந்த வேகத்துக்குக் குழல்களை இணைத்தார் என்பதை அவர் அனுமானித்துக்கொள்கிறார். எழுதிவைக்காத ஒருவரின் மனக்கணக்கை, அவர் செய்த பொருளின் நடத்தையிலிருந்தே திரும்பப் படித்தறியும் இந்த வித்தை எனக்கு மிகுந்த மதிப்பை உண்டாக்குகிறது.

உஷ்ணம் இக்கணக்கைக் கலைக்கும் பெரிய பகை. கார்டைட் வெப்பத்துக்கு மிகவும் இளகிக்கொடுக்கும் மருந்து. இங்கிலாந்தின் குளிரில் இணக்கம் பார்த்த துப்பாக்கியின் தோட்டாக்கள், மத்திய மாகாணத்து மே மாத வெயிலில் யானைமேல் அம்பாரியில் தோல்பைக்குள் கிடந்து காய்ந்தபின் சுடப்பட்டபோது, அழுத்தம் ஏறி, பித்தளைக் கூடு குழல்வாயில் இறுகிக்கொண்டது. பாய்ந்துவரும் விலங்கின் முன் தோட்டாக் கூடு வெளிவர மறுப்பதைவிடக் கொடிய நிலை வேறில்லை. இதனால் மருந்தைச் சில கிரெய்ன் குறைத்து நிரப்பி, பெட்டியின் மேல் ‘டிராப்பிகல்’ என்று சீட்டு ஒட்டி, வெப்ப நாடுகளுக்கெனத் தனியே அனுப்பினர். கூட்டையே திருத்தியமைத்தவர்களும் உண்டு: மூன்றேகால் அங்குல .450/400 கூட்டின் விளிம்பு மெலிதாக இருந்து தொல்லை கொடுத்ததைக் கண்ட ஜெஃப்ரி கம்பெனியார், 1902ஐ ஒட்டி நீளத்தை மூன்று அங்குலமாகக் குறைத்து, விளிம்பைத் தடிப்பாக்கி, 400 கிரெய்ன் குண்டோடு வெளியிட்ட தோட்டாவே இந்தியாவுக்கு மிகவும் ஏற்றதென்று பெயரெடுத்தது. இன்று ஒருவர் இந்தியாவுக்கென்று செய்யப்பட்ட துப்பாக்கிக்குத் தோட்டா கெட்டிக்கும்போது, அது எந்த நாட்டு வெப்பத்தை மனத்தில் வைத்து இணைக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே ஆராய வேண்டியிருக்கிறது.

பின்னர் வந்தது சர்க்காரின் தலையீடு. .577/450 மார்ட்டினி–ஹென்றி படைத் துப்பாக்கிகள் எல்லைப்புறத்தாரிடமும் கலகக்காரரிடமும் பரவியிருந்தபடியால், .450 வேட்டைத் தோட்டாக்களும் குண்டுகளும் அவர்களுக்குப் பயன்பட்டுவிடும் என்று அஞ்சி, 1907ஆம் ஆண்டையொட்டி இந்தியாவிலும் சூடானிலும் அக்குழல்விட்டத்தின் இறக்குமதியைத் தடுத்தனர். அந்த அச்சம் வெறுங்கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1914 ஆகஸ்டில் கல்கத்தாவின் ராடா கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மௌசர் கைத்துப்பாக்கிகளையும் 46,000 தோட்டாக்களையும் வங்கப் புரட்சியாளர்கள் பட்டப்பகலில் கொண்டுசென்றதை நினைத்துப் பார்க்கலாம். ஆனால் தடையின் உடனடிப் பலன் ஒரு வேடிக்கை. லண்டன் துப்பாக்கிக்காரர்கள் சோர்ந்துவிடவில்லை. ஒவ்வொருவரும் சட்டத்தில் சொல்லப்படாத ஒரு விட்டத்தைத் தேடிப்பிடித்தனர். ஜோசப் லேங் .470, ஹாலண்டு அண்டு ஹாலண்டு .500/.465, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் .476, வேறு சிலர் .475 எனக் குட்டிப் பட்டாளமே பிறந்தது. எல்லாம் ஏறத்தாழ ஒரே வலிமை. ஒன்றின் தோட்டா மற்றொன்றில் நுழையாது. ஓர் அதிகாரியின் கையெழுத்து, நூறாண்டுக்குப்பின் எங்கோ மெல்போர்னிலோ மொன்டானாவிலோ ஒரு சேகரிப்பாளர் ஐந்து வகைப் பித்தளைக் கூடுகளைத் தேடி அலையுமாறு செய்திருக்கிறது.

சேகரிப்பவர் ஏமாறும் இடங்கள் பல. மேற்பட்டையில் பொறித்த பெயர் செய்தவரின் பெயராகவே இருக்க வேண்டிய அவசியமில்லை. கடிகாரத்துக்கும் நகைக்கும் பெயர்போன சென்னை மவுண்ட் ரோட்டு பி. ஓர் அண்டு சன்ஸ், கல்கத்தாவின் மேன்டன், ராடா முதலிய கடைக்காரர்களின் பெயர் தாங்கிய துப்பாக்கிகள் பலவும் பர்மிங்ஹாம் பட்டறைகளில் உருவாகி இங்கே விலாசம் பெற்றவை. குழல்விட்டத்தின் பெயரும் அளவும்கூட ஒன்றல்ல: .450 என்பதன் குண்டு .458 அங்குலம்; .470இன் குண்டு .475; .500இன் குண்டு .510; .577இன் குண்டு .585. அதிலும், கைவேலையாகச் செய்யப்பட்ட குழல்கள் ஒன்றுக்கொன்று ஆயிரத்தில் சில பங்கு வேறுபடும். பெரிய கம்பெனிகள் சிலவற்றின் பழைய ஏடுகள் அழியாமல் இருப்பதனால், வரிசை எண்ணைக் கொண்டு, இன்ன ஆண்டில், இன்னாருக்கு, இன்ன தோட்டாவுக்கு இணைத்துக் கொடுக்கப்பட்டது என்பதைக் கேட்டறியலாம். பணம் இருப்பவருக்குத் துப்பாக்கி கிடைத்துவிடும். அந்த ஏட்டின் ஒரு வரியை விடாமல் தேடிப்பெறுபவரையே சேகரிப்பாளர் என்று சொல்லத் தகும்.

இனி, தோட்டா இல்லாமற் போன கதை. இந்தியா விடுதலை பெற்றது. ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றன. பெருவேட்டையின் காலம் முடிந்தது. கைனாக் தோட்டாக்கள் 1960களில் படிப்படியாக நிறுத்தப்பட்டன. இருந்த பெட்டிகள் தங்கத்தின் விலை ஏறின. பழைய துப்பாக்கிகள் வெறும் சுவர் அலங்காரமாகிவிடும் நிலையில், அமெரிக்காவில் ஜிம் பெல் என்பவர் பெரிய அளவிலான பித்தளைக் கூடுகளைச் செய்யத் தொடங்கினார். ஆஸ்திரேலியாவில் பெர்ட்ரம் கம்பெனி கூடுகளையும், உட்லி கம்பெனி பழைய கைனாக் குண்டுகளின் எடையும் வளைவும் பிசகாத குண்டுகளையும் செய்து கொடுத்தன. ஆஸ்திரேலியரான கிரேம் ரைட், பிரிட்டிஷ் இரட்டைக் குழல் துப்பாக்கிகளைச் சுடுவது பற்றி எழுதிய பெருநூல் இத்துறைக்கு ஒரு பிரமாணம் ஆயிற்று. 1990களில் கைனாக் பெயரை உரிமத்தில் பெற்று சஃபோக்கில் கைனாம்கோ என்னும் சிறு கம்பெனி மறுபடியும் ஆலைத் தோட்டாக்களை வெளியிட்டது. ஆனால் 2021இல் உட்லி ஆலை தீக்கிரையானபோது, உலகத்தின் பல மூலைகளிலும் பழந்துப்பாக்கிக்காரர்கள் ஒரே நேரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றனர். ஒரு கலை முழுவதும் எத்தனை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது அப்போது தெரிந்தது.

கைத்தோட்டா கெட்டிக்கும் முறைக்கு வருவோம். குழல்வாயின் அளவை அறிவதே முதற்காரியம். பிஸ்மத் கலந்த ஒரு கூட்டுலோகம் உண்டு; 70 முதல் 88 பாகை செல்சியஸில் உருகிவிடும்; கொதிநீருக்கும் குறைந்த சூடு. குழலுக்குள் சற்று உள்ளே துணியடைப்பு வைத்து, அதை உருக்கி வாயில் ஊற்றினால், இறுகியதும் முதலில் சுருங்கிக் கழன்று வருகிறது. பின்னர் மெல்ல விரிந்து, ஏறத்தாழ ஒரு மணிநேரத்தில் வாயின் சரியான அளவை அடைகிறது. அந்த நேரத்தில்தான் அளவுகோலை வைக்க வேண்டும்; முந்தினாலும் பிந்தினாலும் அளவு பொய்யாகும். அவ்வாறே, மென்மையான ஈயக்கட்டி ஒன்றைக் குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தள்ளி எடுத்து, அதன்மேல் பதிந்த திருகுவரைகளின் ஆழத்திலிருந்து குண்டின் விட்டத்தை நிச்சயிக்கிறார்கள். தள்ளும்போது கைக்குத் தட்டுப்படும் இறுக்கமும் இளக்கமும் குழலின் உள்ளே எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே துரு தின்றிருக்கிறது என்பதைச் சொல்லிவிடும். பழகிய கை இதில் எந்த அளவுகோலுக்கும் இளைத்ததன்று.

அடுத்தது கூடு. பழைய கைனாக் கூடுகளின் அடியில், ஹைரம் பெர்டன் என்ற அமெரிக்கர் வகுத்த முறைப்படி, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு பொருந்தும் குழியின் நடுவே பட்டடை போன்ற மேடும், அதன் இருமருங்கும் நுண்துளைகளும் இருக்கும்; உள்ளிருந்து ஊசியால் குத்திக் கேப்பைத் தள்ள முடியாது. கூட்டில் நீரை நிரப்பி, கழுத்தளவான கம்பியை இறக்கி ஒரே அடியாக அடித்து, நீரின் அழுத்தத்தால் கேப்பை வெளியேற்றுவார்கள். இங்கிலாந்துத் தளபதி எட்வர்டு பாக்ஸர் வகுத்த முறை அமெரிக்காவில் நிலைபெற, அமெரிக்கர் வகுத்தது இங்கிலாந்தில் நிலைபெற்றது விதியின் விளையாட்டே. பழைய கேப்புகளில் இருந்த பாதரசம் பித்தளையை உள்ளூர நொறுங்கச் செய்துவிடும் என்பதால், கண்ணுக்கு அழகாய்த் தோன்றும் பழைய கூடுகளை நம்புவதற்கில்லை. அக்கேப்புகளிலிருந்த குளோரேட் எரிந்து விட்டுச்செல்லும் உப்பு குழலில் தங்கித் துருவை வளர்ப்பதனால், சுட்டவுடன் கொதிநீர் ஊற்றிக் கழுவுவது அக்கால வேட்டைக்காரர்களின் நித்திய கருமம். இன்றைய சேகரிப்பாளர் பாக்ஸர் முறைப்படி செய்த புதுக் கூடுகளை வாங்கிக்கொள்வதே வழக்கம்.

பிறகு மருந்து. கார்டைட் நூல்களைக் கற்றையாகக் கட்டிக் கூட்டினுள் இறக்கினார்கள். கழுத்து ஒடுங்கிய தோட்டாக்களில், மருந்தை வைத்த பின்னரே கூட்டின் கழுத்தை நெருக்கினார்கள் என்பதைக் கேட்டாலே, வீட்டு மேசையில் கெட்டிப்பவருக்கு அம்முறை எட்டாதது என்பது புரியும். இன்றைய மருந்துகள் தானியம் போன்ற சிறு துணுக்குகள். எரியும் இயல்பு வேறு. கார்டைட்டின் எடையை அப்படியே பெயர்த்தெழுதுவது உயிருக்கே உலைவைக்கும். அவ்வப்போது பரீட்சிக்கப்பட்டு அச்சில் வந்த அளவுகளுக்குள் நின்று, கீழிருந்து மெல்ல மெல்ல ஏறி, வேகமானியில் நொடிக்கு 2,150 அடி என்ற பழைய எண்ணும், இலக்குப் பலகையில் இரு குழலின் ஒற்றுமையும் ஒன்றாகச் சந்திக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்வதே முறை. பெருங்கூட்டில் மருந்துக்கு மேல் வெற்றிடம் மிஞ்சினால், அது ஒரு பக்கமாகச் சரிந்து, கேப்பின் பொறி சரியாகப் பற்றாமல் தாமதித்து வெடிப்பதுண்டு. அவ்வெற்றிடத்தை இலவம்பஞ்சு போன்ற நொய்ய பொருளால் அடைக்கலாமா, கூடாதா என்பது கைத்தோட்டாக்காரர்களுக்குள் இன்னும் தீராத வழக்கு. இரு கட்சியாரும் தத்தம் துப்பாக்கியின் அனுபவத்தையே உலகப் பொதுவிதியாக நாட்டப் பார்க்கின்றனர் என்பது என் எண்ணம்.

வலிமை மிகுந்த நவீனக் குண்டுகளால் விளைந்த தீமை ஒன்றையும் சொல்ல வேண்டும். முழுவதும் ஒரே கடின உலோகத்தால் கடைந்த குண்டுகள், மென்மையான ஈயத்துக்கென்று செய்த பழைய மெல்லிய குழல்களில் செல்லும்போது வழிவிடாமல் நெரித்து, உள்ளேயிருக்கும் திருகுவரைகளின் வடிவம் குழலின் வெளிப்புறத்தில் மங்கலாகத் தோன்றும் அளவுக்குக் குழலை விரித்துவிடுகின்றன. சாய்த்துப் பிடித்த வெளிச்சத்தில்தான் அது தெரியும். நூறாண்டு பிழைத்த குழல் ஒரு பிற்பகலில் கெட்டுப்போவதற்கு இது ஒன்றே போதும். ஈயத்தின்மேல் மெல்லிய தாமிரக் கவசமிட்ட பழைய வகைக் குண்டையே அறிந்தவர்கள் நாடுவது இதனால்தான்.

நம் நாட்டில் இக்கலைக்கு இடம் குறைவு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை ஒழிந்தது. அதனால் பிழைத்த உயிர்களை எண்ணும்போது யாரும் வருந்த வேண்டியதில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி தோட்டா செய்வதற்குத் தனி உரிமம் வேண்டும்; ஆகவே துப்பாக்கி உரிமம் மட்டும் உடையவர் வீட்டு மேசையில் அமர்ந்து தோட்டா கெட்டிப்பது இங்கே நடவாத காரியம். பெங்களூரை உறைவிடமாகக் கொண்டு, சேலம், கிருஷ்ணகிரி மலைக்காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிய கென்னத் ஆண்டர்சன் வாழ்நாளெல்லாம் நம்பிய .405 வின்செஸ்டர், 1904இல் வெளிவந்த அமெரிக்கத் தோட்டா. அதுவும் அமெரிக்காவிலேயே பழம்பொருளாகி, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மீண்டும் ஆலையில் உருவாயிற்று. பழைய ஜமீன்களிலும், எஸ்டேட் பங்களாக்களிலும், அரண்மனை ஆயுதசாலைகளிலும் உள்ள இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் மிகப் பல, உரிய தோட்டா ஒன்றுகூட இல்லாமல் இருக்கின்றன.

அவற்றைச் சுட வேண்டும் என்பது என் கருத்தல்ல. படித்து வைக்க வேண்டும் என்பதே. குழலடி முத்திரைகளின் தெளிவான நிழற்படம், குழல்வாயின் வார்ப்பளவு, ஈயக்கட்டியில் பதிந்த விட்டம், வரிசை எண், உடன் ஏதேனும் பழைய கைனாக் பெட்டி இருக்குமாயின் அதன் முகச்சீட்டில் ‘டிராப்பிகல்’ என்ற சொல் உண்டா இல்லையா என்ற குறிப்பு: இவற்றைத் திரட்டுவதற்கு மருந்தும் வேண்டாம், குண்டும் வேண்டாம், உரிமம் உடையவரின் முன்னிலையில் ஒரு பகற்பொழுது போதும். இந்தியாவுக்கென்று குறைத்து நிரப்பிய தோட்டாக்களுக்கு எத்தனை துப்பாக்கிகள் இணைக்கப்பட்டன, எத்தனை துப்பாக்கிகள் குளிர்நாட்டுத் தோட்டாவுக்கே இணைக்கப்பட்டு இங்கே வந்து தொல்லைப்பட்டன என்ற வினாவுக்கு விடை லண்டன் ஏடுகளில் பாதிதான் இருக்கிறது; மற்றப் பாதி, எண்ணெய் பூசிய துணியில் சுற்றி இங்கே அலமாரிகளில் நிற்கும் அக்குழல்களின் அடியில் பதிந்திருக்கிறது.